யாருடா உன்ன தொரத்துறா?

காலை நாலே முக்காலுக்கு நான் வாசல்படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா எழுந்து வந்து கேட்கிற கேள்வி இது. ஓடி முடித்து வியர்வை சொட்டச் சொட்ட வந்து நிற்கும்போதும் அதே கேள்விதான். பசியாற உட்காரும்போது இன்னொரு தடவை கேட்டாலும் கேட்பார். அம்மாவுக்கு 79 வயது, மறதி நோய் வந்து நாலு வருடம் ஆகிறது. சில நாள் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு "வேலைக்கு நேரமாச்சு, இன்னும் கெளம்பலையா" என்பார். அப்பா போய் 33 வருடம் ஆகிறது.

"நாய்மா, ஜெலுத்தோங் நாய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். (ஜெலுத்தோங், மலேசியாவின் பினாங்கில் ஒரு வட்டாரம்.) அம்மா சிரிப்பார்.

உண்மையில் என்னைத் துரத்தியது அப்பாவின் வயது. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் காலையில் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்தவர், அது ஓடிக்கொண்டே இருக்க வீட்டு முன்நடையில், அஞ்சடியில் போய் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. 47 வயது. எனக்கு அப்போது 19. மூன்று வருடம் கழித்து சித்தப்பா, அவருக்கு 51. எங்கள் வீட்டு ஆண்கள் ஐம்பதைத் தாண்டமாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் கருமாதி வீட்டிலேயே காதுபடப் பேசினார்கள். அது மனதில் அப்படியே தங்கிவிட்டது. 38 வயதில் 94 கிலோ இருந்தேன், தொழிற்சாலையில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். ஒன்பது வருடம்தான் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு யூத் பார்க்கில் ஓடத் தொடங்கினேன். முதல் நாள் ஒரு சுற்றுகூட முடியவில்லை. சரி, அந்தக் கதை எல்லாருக்கும் இருப்பதுதான், விட்டுவிடுகிறேன். 14 வருடத்தில் 11 முழு மாரத்தான், எத்தனை ஹாஃப் மாரத்தான் என்று எண்ணவில்லை, 94 கிலோ 71 ஆனது, 47ஐத் தாண்டினேன், 51ஐயும் தாண்டினேன்.

இந்த வருடம் எனக்கு 52. ஓட்டக்காரர்களில் கொஞ்சம் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 52 என்றதும் ஜிம் ஃபிக்ஸ் நினைவுக்கு வருவார். அமெரிக்கர். எழுபதுகளில் அந்த நாட்டில் சாதாரண ஆட்களைத் தெருவில் ஓட வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் மாரடைப்பு, 43ல் மரணம். ஃபிக்ஸ் 35 வயதில்தான் ஓட ஆரம்பித்தார், அதுவரை நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட், உடம்பும் கனம். எல்லாவற்றையும் விட்டார், இளைத்தார், ஓட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றார். 1984 ஜூலை 20ஆம் தேதி வெர்மாண்ட் மாநிலத்தில் வழக்கமான ஓட்டத்தின்போது விழுந்து இறந்தார். வயது 52. உடலை அறுத்துப் பார்த்தபோது இதயத்தின் ரத்தக்குழாய்களில் ஒன்று 95 சதவீதம் அடைப்பு, இன்னொன்று 85, மூன்றாவது 70. டிரெட்மில்லில் ஓடிப் பார்க்கும் இதயச் சோதனையை ஒரு டாக்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அவர் தட்டிக் கழித்தார் என்று பின்னால் எழுதினார்கள்.

ஓடாத சொந்தக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால் "பாத்தியா, ஓடித்தான் செத்தான்" என்பார்கள். நான் பல வருடம் இதை வேறு மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்: அவர் அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாக வாழ்ந்தார், அது ஓட்டம் கொடுத்தது. அந்தத் தட்டிக் கழித்த சோதனை இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் நான் யோசித்ததே இல்லை. காரணம், நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் வருடம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு. ஈசிஜி தாளில் துடிப்பு 46 என்று வரும், இயந்திரம் 'இயல்புக்குக் குறைவு' என்று ஒரு வரி அச்சடிக்கும். முதல் தடவை பயந்தேன். டாக்டர் "ஓடுறவரா? அப்ப ஒண்ணுமில்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரு சாதாரண இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் 70 மில்லிலிட்டர் தள்ளினால் ஐந்து லிட்டருக்குப் பக்கத்தில் வரும். வருடக்கணக்காக ஓடினவன் இதயம் கொஞ்சம் பெரிதாகி, ஒரே துடிப்பில் 100 மில்லிலிட்டருக்கு மேல் தள்ளும், அதனால் 46 தடவையே போதும். இதை 1899லேயே ஹென்ஷன் என்ற ஸ்வீடன் டாக்டர் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து, இதயம் பெரிதாக இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். எக்ஸ்ரேகூட அப்போது புதுசு.

கிளாரன்ஸ் டிமார் என்று ஓர் அமெரிக்க ஓட்டக்காரர். 1911ல் பாஸ்டன் மாரத்தானுக்கு முன்பு பரிசோதித்த டாக்டர், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, ஓட்டத்தை விட்டுவிடு என்றார். அவர் அந்தப் போட்டியில் ஓடி ஜெயித்தார். சில வருடம் விலகி இருந்துவிட்டுத் திரும்ப வந்து இன்னும் ஆறு தடவை ஜெயித்தார். 1958ல் புற்றுநோயில் இறந்த பிறகு அவர் இதயத்தைத் திறந்து பார்த்தால், ரத்தக்குழாய்கள் சாதாரண ஆட்களுக்கு இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அளவுக்கு மேல் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிமார் கதையை நான் என் கதை என்று நம்பிவிட்டேன்.

ஈசிஜி தாளுக்குக் கீழே ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கும். அதில் எல்டிஎல், கெட்ட கொலஸ்ட்ரால், மில்லிமோல் கணக்கில் 4.4, இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். அடுத்த வருடம் 4.3. அதற்கடுத்து 4.6. அந்த கிளினிக்கில் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு டாக்டர், எல்லாரும் "நீங்க மாரத்தான் ஓடுறீங்க, நல்ல கொலஸ்ட்ரால் நல்லா இருக்கு, சாப்பாட்டப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கு எத்தனை வயதில் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கேட்காததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளியே வந்து நேராக நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போய், பதினெட்டு கிலோமீட்டர் ஓடியாச்சே என்று குழம்பை 'பஞ்சிர்', அதாவது வெள்ளமாக, ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அக்கா ஓய்வுபெற்ற தாதி (நர்ஸ்). போன வருடம் அவருக்கும் கொலஸ்ட்ரால் என்று தெரிந்ததும் என் பழைய தாள்களை எல்லாம் கேட்டு வாங்கி மேசையில் வரிசையாகப் பரப்பினார். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் "தம்பி, ஓட்டத்துல இடுப்பு எளைக்கும், ரத்தத்துல பொறந்தது எளைக்காது. அப்பா என்ன குண்டாவா இருந்தாரு?" என்றார். அப்பா ஒல்லி. மூட்டை தூக்கின உடம்பு. அந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்.

நம் ஆட்களுக்கு இது பொதுவாகவே சீக்கிரம் வருகிறது. பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் பக்கத்து மக்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53, மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. மலேசியாவில் சர்க்கரை நோயில் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை, எந்தத் திருமண விருந்திலும் பாயசத்துக்கு முன்னால் கைப்பையிலிருந்து வெளியே வருகிற மாத்திரை டப்பாக்களை எண்ணினால் போதும்.

அக்கா பிடித்த பிடியில் கால்சியம் ஸ்கேன் எடுத்தேன். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, சிடி இயந்திரத்தில் படுத்து மூச்சைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதய ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு பழசானால் சுண்ணாம்பு மாதிரி இறுகும், அந்த இறுகின பகுதியை எண்ணாக்கிக் கொடுப்பதுதான் இந்தச் சோதனை. பூஜ்யம் என்றால் நல்லது, நூறுக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும், நானூறுக்கு மேல் என்றால் மிகவும் கவனிக்க வேண்டும். என்னுடையது 236.

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து போனில் தேடினேன். அங்கேதான் எனக்கு இன்னொரு அடி. நெடுந்தூரம் ஓடுகிற நடுவயது ஆண்களுக்கு இந்த எண் கூடுதலாக இருப்பது புதிய செய்தியே இல்லை. 2008ல் ஜெர்மனியில் 50 வயதைத் தாண்டிய 108 மாரத்தான்காரர்களைச் சோதித்தார்கள். அவர்களில் 36 சதவீதம் பேருக்கு எண் நூறோ அதற்கு மேலோ. வயதும், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகளும் அவர்களைப்போலவே இருந்த மற்ற ஆண்களில் அது 22 சதவீதம்தான். ஓடுகிறவனுக்குத்தான் சுண்ணாம்பு அதிகம். ஏன் என்று யாராலும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை, மணிக்கணக்கில் வேகமாக ஓடுகிற ரத்தம் குழாய்ச் சுவரை உரசுகிறது என்கிறார்கள் சிலர், அந்த ஜெர்மனிக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் முன்பு சிகரெட் பிடித்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இதய டாக்டர் ஓர் இளம் பெண், தமிழர், அமைதியாகப் பேசினார். "மாமா, சுண்ணாம்பு பழைய தழும்பு மாதிரி. இறுகுனது அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. மெத்துனு இருக்கிற கொழுப்பு வெடிச்சாதான் மாரடைப்பு" என்றார். (மாமா என்று கூப்பிட்டதே பாதிப் பயத்தைக் குறைத்தது.) ஓடுகிறவர்களின் படிவு பெரும்பாலும் இறுகின வகை என்று 2017 வாக்கில் வந்த ஆய்வுகளைச் சொன்னார். நான் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்துவிட்டு, 2023ல் பெல்ஜியத்தில் இருந்து வந்த ஆய்வு அதைக் கலைத்துவிட்டது என்றும் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஓட்டமும் சைக்கிளும் என்று இருந்தவர்களிடம் எல்லா வகைப் படிவும் கூடுதலாகத்தான் இருந்ததாம். ஆனால் அமெரிக்காவில் 21,758 ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், சுண்ணாம்பு நூறைத் தாண்டியவர்களிலேயே அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்கள் குறைவாகச் செய்தவர்களைவிட அதிகம் சாகவில்லை. ஆக, ஓட்டத்தை விட வேண்டியதில்லை, ஆனால் ஓட்டத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார்.

அந்த மாத்திரைச் சீட்டை வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். தோற்றுப்போன மாதிரி. 11 மெடல் தொங்குகிற சுவருக்குக் கீழே மாத்திரை டப்பாவை வைக்க மனம் வராமல் ஒரு மாதம் சமையலறை அலமாரியில் மைலோ டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வியை ஓடுகிறவர்கள் எல்லாரும் தங்களைத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம். "போன வருஷம் இதே ஏத்தத்துல ஏறுன வேகம் இந்த வருஷம் வருதா?" தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்குப் போகிற ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டருக்கு மேல், அதில் எனக்கு நேரம் ஏழு நிமிடம் கூடியிருந்தது. நான் வெயில் என்றேன், நைட் ஷிஃப்ட் என்றேன், ஷூ தேய்ந்துவிட்டது என்றேன். எங்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஓடாதவனுக்கு மூச்சு வாங்கினால் கிளினிக்குக்கு ஓடுவான், ஓடுகிறவன் புது ஷூ வாங்குவான். நெஞ்சு எரிந்தால் நேற்றைய சம்பல், தோள் வலித்தால் தூங்கின கோணம். எனக்கு அதன் பிறகு எடுத்த சோதனைகளில் ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது, அந்த ஏழு நிமிடம் உண்மையிலேயே நைட் ஷிஃப்ட்டாக இருக்கலாம். ஆனால் அது சோதித்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய பதில்.

எங்கள் கூட்டத்தில் பட்டர்வொர்த் அண்ணன் ஒருவர், வயது 60க்குப் பக்கம், எங்களில் ரொம்ப வேகம். அவருக்கு இரண்டு வருடமாக இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்குமாம். கைக்கடிகாரத்தில் துடிப்பு திடீரென்று 190 காட்டும், அடுத்த நிமிடம் 110. வாட்ச் கெட்டுப்போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கினார், ஆயிரத்து சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). அதுவும் 190 காட்டியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதை ஏஎஃப் என்கிறார்கள். ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி ஒன்று உண்டு, அதில் கலந்துகொண்ட 52,755 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், அதிகத் தடவை ஓடியவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இந்த மாதிரித் துடிப்புக் கோளாறு முப்பது சதவீதம் அளவுக்குக் கூடுதல். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு. அண்ணன் இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், ஹாஃப் மட்டும் ஓடுகிறார், எங்களுக்குப் பின்னால் வருகிறார், அதுதான் அவருக்கு மாத்திரையைவிடக் கசப்பு.

இதயத்தைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். அம்மாவிடம் வருகிறேன்.

அம்மாவுக்கு மறதி வந்த பிறகு நான் ஓடுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி, சுண்டுவிரல் அளவுதான், புது நினைவுகள் அங்கேதான் பதிகின்றன. வயதாக ஆக அது சுருங்கும். 2011ல் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள், மறுபாதி கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி. ஒரு வருடம் கழித்து நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் குறைந்திருந்தது. படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, நாற்பது நிமிட நடைக்கே இப்படி என்றால் 42 கிலோமீட்டருக்கு எப்படி இருக்கும்!

அப்படி இல்லை. 2025ல் ஸ்பெயினில் மாரத்தான் ஓடிய பத்துப் பேரின் மூளையை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். நரம்புகளைச் சுற்றி மின்கம்பிக்கு மேல் ரப்பர் மாதிரி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். ஓடி முடித்தவர்களுக்கு மூளையின் பன்னிரண்டு பகுதிகளில் அதன் அளவு குறைந்திருந்தது, சர்க்கரை தீர்ந்துபோனதும் மூளை தன் உறையையே எரித்திருக்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு மாதத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. இது வாட்ஸ்ஆப்பில் சுற்றினபோது என் மச்சான் மூன்று குழுவில் எனக்கு அனுப்பினார். பத்தே பேர், அதுவும் திரும்பி வந்துவிட்டது என்று நான் எழுதின பதிலை அவர் படிக்கவில்லை. இதற்கு முன்னாலும் ஒன்று உண்டு: 2009ல் இத்தாலியின் பாரி நகரிலிருந்து நார்வேயின் வடக்கு முனை வரை 64 நாளில் 4,487 கிலோமீட்டர் ஓடினார்கள், ஓய்வு நாள் இல்லாமல். ஓடி முடித்தபோது மூளையின் சாம்பல் நிறப் பகுதி ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்கியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் சரியாகிவிட்டது. எனக்கு இதில் பயம் வரவில்லை. ஆனால் சில வருடங்களில் மூன்று முழு மாரத்தான் வரை ஓடியதை வருடத்துக்கு ஒன்றாக்கிவிட்டேன், எரிந்தது திரும்ப வளரவாவது நேரம் கொடுக்கலாமே.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அம்மாவுடைய மறதியில் பாதி, மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்ததால் வந்தது என்று அவரைப் பார்க்கும் டாக்டர் சொன்னார். இருபது வருட ரத்த அழுத்தம், பதினைந்து வருடச் சர்க்கரை, ஒழுங்காக மாத்திரை சாப்பிடாத ஒரு பத்து வருடம். அப்பாவை எடுத்ததும் குழாய், அம்மாவை எடுத்துக்கொண்டிருப்பதும் குழாய். 2024ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு மறதி நோயைத் தூண்டுகிற, ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடம்பை அசைக்காமல் இருப்பது அதில் ஒன்று, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட் எல்லாம் இருக்கின்றன. அந்த வருடம் புதிதாகச் சேர்த்த இரண்டில் ஒன்று நடுவயதில் கூடுதலாக இருக்கிற கெட்ட கொலஸ்ட்ரால். என்னுடைய 4.4, 4.3, 4.6. அதைப் படித்த அன்றுதான் மைலோ டின்னுக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இப்போது 1.9.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளைக்கு ஆபத்து வருகிற இடங்களும் உண்டு, நம் ஊர் வெப்பத்தில் அது சும்மா பேச்சு இல்லை. பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தானை நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்குவதே வெயிலுக்குப் பயந்துதான். அப்படியும் காற்றில் அவ்வளவு ஈரம், வியர்வை உலராது, உலராத வியர்வையால் உடம்பு குளிராது. சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில், எந்தப் போட்டி என்று வேண்டாம், முடிவுக்கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் எங்களுக்கு எதிராக ஓடி வந்தான். வந்த வழியே திரும்பி ஓடுகிறான். "தம்பி, இந்தப் பக்கம்" என்றதற்கு ஏதோ மலாயில் உளறினான், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். உடம்பு தொட்டால் சுட்டது. தண்ணீர் மேசையில் இருந்த பிள்ளைகள் அவனை உட்கார வைத்து விசிறினார்கள், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அது போதாது என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. உடம்பின் உள் சூடு 40 டிகிரியைத் தாண்டி ஆள் உளற ஆரம்பித்தால் அது வெப்பத் தாக்கு, முதலில் ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை முக்க வேண்டும், தொட்டி இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும், ஆஸ்பத்திரி அப்புறம்தான். முதல் அரை மணி நேரம்தான் கணக்கு. நல்லவேளை, ஓர் அண்ணன் பானம் குளிரவைத்திருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கி அப்படியே அவன் மேல் கவிழ்த்தார். பையன் பிழைத்தான்.

சூட்டுக்குப் பயந்து கண்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் குடிப்பதும் தப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவாக இருந்தது, பெரும்பாலும் ஓட்டத்தின்போது உடம்பு எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்கள். அதே போட்டியில் 28 வயதுப் பெண் ஒருவர் அதனாலேயே இறந்தார். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தண்ணீர் செல்களுக்குள் புகும், மூளை வீங்கும், மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது. ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி விளையாட்டுக்காரர் பானத்திலும் ரத்தத்தில் இருப்பதைவிட உப்பு குறைவுதான், அளவில்லாமல் குடித்தால் அதுவும் அதையே செய்யும். தாகம் எடுத்தால் குடிப்பது, அவ்வளவுதான் நான் வைத்திருக்கிற விதி.

ஒரு நல்ல கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மச்சான் இதையும் மூன்று குழுவில் போடுவார். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் ஹாஃபும் ஓடிய 10.9 மில்லியன் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது, 42 பேர் இறந்தார்கள். 2010 முதல் 2023 வரை 29 மில்லியனுக்கு மேல் ஓடினார்கள், 176 பேருக்கு நின்றது, இறந்தது 59. நிற்பது குறையவில்லை, பிழைப்பது கூடியிருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே நெஞ்சை அமுக்குகிறார்கள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற ஏஈடி கருவியைச் சீக்கிரம் கொண்டுவருகிறார்கள். எங்கள் கூட்டத்தில் பதினான்கு பேர், ஆளுக்கு நானூறு ஐநூறு வெள்ளி ஷூ. நெஞ்சை அமுக்கத் தெரிந்தவர் போன வருடம் வரை ஒருவர்கூட இல்லை. அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். பட்டர்வொர்த் அண்ணன் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், நாற்பது கிலோமீட்டர் ஓடின ஆள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் "அந்தப் புள்ளய ஏண்டா எல்லாரும் சேர்ந்து அடிக்கிறீங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார். பொம்மையைத் துணியில் சுற்றித் தூங்க வைத்த பிறகுதான் சமாதானம் ஆனார்.

இப்போதெல்லாம் வாரத்தில் மூன்று நாள் எனக்கு ஓட்டம் கிடையாது, அம்மாவுடன் தாவரவியல் பூங்காவில் நடை. அந்த 2011 ஆய்வின் கணக்கு: மூன்று நாள், நாற்பது நிமிடம். அம்மாவுக்கு இந்த நிலையில் அது எதையும் வளர்க்கப் போவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் நடந்துவிட்டு வந்தால் ராத்திரி தூங்குகிறார், நாங்களும் தூங்குகிறோம்.

போன வாரம் வழியில் தண்ணீர்மலை அடிவாரத்தில் வடை வாங்கிக் கொடுத்தேன். அம்மா பையைக் கையில் ஆட்டிக்கொண்டே பூங்கா வாசலில் இறங்கினார். இங்கே குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பைச் சத்தம் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆண் குரங்கு ஒன்று வேலியிலிருந்து குதித்து நேராக அம்மாவை நோக்கி வந்தது. 79 வயது அம்மா, வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவர், பையை விட்டெறிந்துவிட்டு இருபது அடி ஓடினார், உண்மையாகவே ஓடினார், நான் பின்னாலேயே ஓடிப் பிடித்தேன்.

"யாரும்மா ஒன்ன தொரத்துறா?" என்றேன்.

"கொரங்குடா! கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார், நானும் சிரித்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், 118, ஒழுங்காகத்தான் துடித்தது. பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மெதுவாக ஒரு சுற்று நடந்தோம். காருக்கு வந்து பெல்ட் போட்டுவிட்டதும் அம்மா மடியைத் தடவிப் பார்த்தார், சீட்டுக்குக் கீழே பார்த்தார்.

"வடை வாங்குனியே, எங்கடா?"